பழைய காருக்குப் புது லோயர் ஆர்ம்



காருக்கு லோயர் ஆர்ம் மாற்றினேன் என்று போன மாதம் ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பதினைந்து பேராவது கேட்டுவிட்டீர்கள். பாதிப் பேர், "சார், எந்தக் கம்பெனி வாங்கினீங்க? என் வண்டியிலயும் அதே சத்தம்" என்று கேட்டீர்கள். மீதிப் பேர், முக்கியமாக உறவுக்காரர்கள், "இன்னுமா மாமா அந்த வண்டியை வச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள் நீங்கள். பத்து நிமிடம் பொறுக்க மாட்டீர்களா?

முதலில் உறவுக்காரர்களின் கேள்வி. வண்டி 2008இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட். இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பதினைந்து வருடம் முடிந்ததும் 2023இல் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. இன்ஜின் நன்றாக இருக்கிறது, தரையில் துரு இல்லை. புது வண்டி வாங்கினால் பென்ஷனில் மாதத் தவணை போகும். அந்தப் பணத்துக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது. உங்கள் டீச்சரம்மாவை மாதம் இரண்டு முறை சிகிச்சைக்காக அரக்கோணத்திலிருந்து வேலூருக்குக் கூட்டிப் போய் வருகிறேன். பஸ் படி ஏற அவளால் முடியவில்லை. காரில் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தால், வாலாஜா தாண்டி நெடுஞ்சாலை ஏறுவதற்குள் தூங்கிவிடுவாள். அந்தத் தூக்கம் கெடாமல் போய் வர வேண்டும். எனக்குக் கார் அவ்வளவுக்குத்தான். ஆனால் அதற்கு வண்டி ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

இனி மாணவர்களின் கேள்வி.

லோயர் ஆர்ம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து சக்கரத்தின் கீழ்ப்பக்கம் வரை கறுப்பாக ஓர் இரும்புக் கை நீண்டிருக்கும். அதுதான். அடிச்சட்டத்தின் பக்கம் இரண்டு இடத்தில் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டிருக்கும். சக்கரத்தின் பக்கம் ஒரு பால் ஜாயிண்ட் இருக்கும். நம் தோள்மூட்டு மாதிரி, ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. சக்கரம் மேலே கீழே ஏறி இறங்கவும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்பவும் அது இடம் கொடுக்கிறது.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பெரும்பாலும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் உள்ளவை. எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் யோசித்த வடிவம் அது. 1950இல் வந்த ஃபோர்டு கான்சல் காரில் அது இருந்தது. மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண், கீழே ஓர் ஆர்ம். மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம் வைத்த வண்டிகளும் உண்டு. இந்த அமைப்பில் கீழே இருக்கும் ஒன்றுதான். வண்டியின் எடையைத் தூண் தாங்கிக்கொள்கிறது. சக்கரத்தின் அடிப்பக்கத்தை இடத்தை விட்டு அசையாமல் பிடித்து வைப்பது ஆர்மின் வேலை.

எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும்? பழைய பழக்கத்தை விட முடியவில்லை, ஒரு கணக்குப் போடுகிறேன். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் குறுக்கே வந்து நீங்கள் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.7 பங்கு அளவுக்கு வேகம் குறைகிறது என்றால், ரோடு வண்டியைப் பின்னால் தள்ளும் விசை 840 கிலோ எடைக்குச் சமம். பிரேக் போடும்போது வண்டி முன்னால் சாய்வதால், அதில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக முன்சக்கரங்களுக்கு வந்துவிடும். ஆக, ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட 300 கிலோ. இரண்டு பெரிய பசுமாடுகள் முட்டுகிற மாதிரி என்று வையுங்கள். அந்த விசை சக்கரத்திலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற முக்கியமான வழி, இந்த ஒரே ஒரு கையும் அதிலுள்ள இரண்டு ரப்பர் புஷ்ஷும் ஒரு பால் ஜாயிண்டும்தான்.

புஷ் தேய்ந்தால் சத்தம் வரும், பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். பொறுத்துக்கொண்டு நாள் கடத்தலாம். பால் ஜாயிண்ட் அப்படி இல்லை. அது முற்றிலும் தேய்ந்து உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால், சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை. சக்கரம் வெளியே மடங்கிவிடும். ஸ்டியரிங் கையில் இருக்கும், ஆனால் வண்டி கேட்காது. ரோட்டோரம் ஒரு காரின் முன்சக்கரம் கால் ஒடிந்த மாதிரி கோணிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நிற்க ஒரு காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

என் வண்டியில் ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டிக்குப் பதினேழு வயது. நம் ஊர்ப் பள்ளங்களில் விழுந்து எழுந்த வண்டிக்கு இது வரவேண்டிய சத்தம்தான். வண்டியைப் பார்ப்பவன் என் பழைய மாணவன். பெயர் போடாதீங்க சார் என்று சொல்லிவிட்டான். பத்தாம் வகுப்பில் நெம்புகோல் பாடத்தைக் காதில் வாங்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன், இன்று நீளமான கம்பியை வைத்து எனக்கே நெம்புகோல் பாடம் எடுத்தான்.

அவன் எடுத்த எடுப்பில் ஆர்ம் போயிடுச்சு என்று சொல்லவில்லை. "சார், இந்தச் சத்தம் நாலு இடத்துல இருந்து வரலாம்" என்றான். முதலில் ஸ்டெபிலைசர் லிங்க்கை ஆட்டிப் பார்த்தான். அது விலை குறைந்த சாமான், சத்தம் மட்டும் பெரிதாகப் போடும். அடுத்து ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். பிறகு டைராட் எண்ட். கடைசியாகத்தான் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். கம்பியை ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பினான். புஷ்ஷில் ரப்பர் வட்டமாகக் கிழிந்திருந்தது. பால் ஜாயிண்டின் ரப்பர் மூடி வெடித்து, கிரீஸ் இருந்த இடத்தில் மண். விரல் வைத்துப் பார்த்தால் உருண்டை ஆடுவது தெரிந்தது. வலது பக்கமும் அதே பாதையில்தான், அங்கே மூடி இன்னும் கிழியவில்லை, அவ்வளவுதான்.

நோயைக் கண்டுபிடித்த பிறகுதான் மருந்துக் கடைக்குப் போக வேண்டும். நிறையப் பேர் சத்தம் கேட்டதும் ஆர்மை மாற்றிவிடுகிறார்கள். சத்தம் போகவில்லை என்றால் அடுத்த சாமானை மாற்றுகிறார்கள்.

சரி, என்ன வாங்குவது? என் முன்னால் ஐந்து வழி இருந்தது.

ஒன்று, ஆர்மை அப்படியே வைத்துக்கொண்டு புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் தள்ளி மாற்றுவது. பால் ஜாயிண்ட் நன்றாக இருந்தால் இது நல்ல வழி, சிக்கனமானது. என் வண்டியில் பால் ஜாயிண்டும் போய்விட்டது. பால் ஜாயிண்டையும் தனியாக அடித்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி மாற்றுகிற மாதிரியே கம்பெனி வடிவமைத்த வண்டிகளுக்கு அது சரி. இல்லாத வண்டியில் பழைய ஓட்டையில் புதிதை இறுக்கமாக உட்கார வைப்பது அடிப்பவனின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது.

இரண்டு, புதுப்பேட்டைக்குப் போய்ப் பிரித்த வண்டியின் ஆர்மை வாங்குவது. கதவு, கண்ணாடி, சீட் என்றால் நானே புதுப்பேட்டைக்குப் போவேன். ஆர்ம் என்றால் போக மாட்டேன். அந்த வண்டி ஏன் பிரிக்கப்பட்டது? எதிலாவது மோதியிருந்தால் ஆர்ம் ஒரு நூல் வளைந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அதன் பால் ஜாயிண்டும் என்னுடையதைப் போல ஓடித் தேய்ந்ததுதான்.

மூன்று, கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியில் வரும் ஒரிஜினல். பயமில்லாத வழி, விலை மட்டும் அதிகம்.

நான்கு, பால் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் சாமான்களையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகளின் ஆர்ம். கார் கம்பெனிகள் எல்லாச் சாமானையும் தாங்களே செய்வதில்லை. பெரும்பாலானவற்றை இப்படிப்பட்ட தயாரிப்பாளர்களிடமிருந்துதான் வாங்குகின்றன. நம் சென்னையின் ரானே இந்தத் துறையில் பழைய பெயர். ஜெர்மனியில் லெம்ஃபோர்டர், அமெரிக்காவில் மூக், ஜப்பானில் 555 என்று ஒவ்வொரு நாட்டிலும் சில பெயர்கள் உண்டு. எல்லாப் பெயரும் எல்லா வண்டிக்கும் கிடைக்காது.

ஐந்து, பெயரே இல்லாத பெட்டி.

நான் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்பினேன். அதனால் பழைய ஆர்மைக் கழுவித் துடைத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு, சென்னைக்கு ரயிலேறி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தத் தெருவில் கார் சாமான் கடைகள்தான் வரிசையாக. "பெரியவர் கையில் ஆர்மைத் தூக்கிட்டு வந்திருக்காரே" என்று கடைப்பையன் சிரித்தான். நாற்காலி போட்டு உட்காரவும் வைத்தான்.

பெயரில்லாத பெட்டியின் விலை ஒரிஜினலில் மூன்றில் ஒரு பங்குதான். "எல்லா மெக்கானிக்கும் இதைத்தான் சார் போடுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பாராம். நான் மூன்றையும் மேசையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். கடையிலேயே ஒரு தராசு இருந்தது, எடையும் போட்டேன். பெயரில்லாதது பழையதைவிடக் கால் கிலோவுக்கு மேல் குறைவு. எடை குறைந்தால் மட்டும் மோசம் என்று சொல்ல முடியாது, நல்ல இரும்பாக இருந்தால் தகடு மெல்லியதாக இருந்தும் தாங்கும். ஆனால் வெல்டிங் விட்டுவிட்டு ஓடியிருந்தது, நடுவில் பெயிண்ட்டால் மூடியிருந்தார்கள். பால் ஜாயிண்டைக் கையால் அசைத்தால் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தளர்வு. மற்ற இரண்டிலும் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே சீரான இறுக்கம். புஷ்ஷின் ரப்பரில் பழையதில் இருந்த பிளவு எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இதில் வேறு பக்கம் பார்த்தது. அந்தப் பிளவு அழகுக்கு வைத்ததல்ல. எந்தத் திசையில் இளக வேண்டும், எந்தத் திசையில் இறுக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது.

அங்கிருந்தே இன்னொரு மாணவனுக்குப் போன் போட்டேன். அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சாமான் தொழிற்சாலையில் தர ஆய்வில் இருக்கிறான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், பால் ஜாயிண்டைக் கிண்ணத்திலிருந்து பிடுங்க எவ்வளவு விசை வேணும்னு இழுத்துப் பார்ப்போம். உப்புத்தண்ணிப் பனியில வச்சுத் துரு எப்போ பிடிக்குதுன்னு பார்ப்போம். ஒரு லாட்டுல ஏதாவது ஃபெயில் ஆனா, அந்த லாட் நம்பரை வச்சு எந்த நாள், எந்த மெஷின்னு கண்டுபிடிப்போம். பெட்டியில பேரும் நம்பரும் இல்லேன்னா யாரை சார் போய்க் கேட்பீங்க?"

எனக்கு விஷயம் அங்கேதான் முடிந்தது. முப்பத்து மூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். மாதத் தேர்வில் பெயர் எழுதாத தாள் ஒன்றிரண்டு வரும். பெரும்பாலும் அது மறதியாக இருக்காது. எழுதியவனுக்கே அதன்மேல் நம்பிக்கை இருக்காது. செய்த பொருளில் தன் பெயரையும் முகவரியையும் போடுகிறவன், தப்பு நடந்தால் என்னை வந்து கேள் என்று சொல்கிறான். நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு அந்த வார்த்தைக்குத்தான். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2011ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு எல்லாம் பெட்டிமேல் இருக்க வேண்டும்.

நான் நான்காவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் போட்ட தயாரிப்பாளரின் ஆர்ம், இடது வலது இரண்டும், பில்லோடு. ஒரிஜினலைவிடக் குறைவு, பெயரில்லாததைவிட அதிகம். அந்த அதிகம் எவ்வளவு என்றால், எங்கள் வீட்டு ஒரு மாதப் பால் செலவு. எந்தக் கம்பெனி என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன். உங்கள் வண்டிக்கு அது கிடைக்காமல் போகலாம். அதே பெயரில் டூப்ளிகேட் பெட்டியும் உங்கள் ஊரில் இருக்கலாம். பெயரைத் தெரிந்துகொள்வதைவிடப் பார்க்கத் தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

வீட்டுக்கு வந்து விலையைச் சொன்னதும் டீச்சரம்மா, "ஏங்க, அந்தச் சாமான் போனா என்ன ஆகும்?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப அதுல போய் மிச்சம் பிடிக்காதீங்க. சீட் கவர் கிழிஞ்சே இருக்கட்டும்" என்றாள். பழைய காரை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது. ஹாரன், கண்ணாடி, பாய், பம்பர் எல்லாவற்றிலும் சிக்கனம் பிடியுங்கள். பிரேக், ஸ்டியரிங், டயர், சக்கரத்தைப் பிடிக்கும் சாமான், இந்த நான்கில் வேண்டாம்.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. பொருத்துவதில் பாதி இருக்கிறது. ரப்பர் புஷ் சுழலுவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டைக் கடைசிவரை இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். ஓடும் நாளெல்லாம் அப்படியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். என் மாணவன் நான் சொல்லாமலே அப்படித்தான் செய்தான், அதுவும் டார்க் ரெஞ்ச் வைத்து. பழைய லாக் நட்டுகளைத் திரும்பப் போடவில்லை. பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தோம். ஆர்ம் மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் புது டயர் வாங்கும் செலவு வந்து நிற்கும்.

சிலர், புஷ்ஷை பாலியூரிதேனில் போடலாமே சார், கெட்டியாக இருக்குமே என்று கேட்டீர்கள். போடலாம். ஸ்டியரிங் துல்லியமாக இருக்கும், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் உள்ளே வந்து சேரும். வேகமாக ஓட்டும் பிள்ளைகளுக்குச் சரி. பின் சீட்டில் ஒருவர் தூங்கிக்கொண்டு வரும் வண்டிக்கு ரப்பர்தான்.

வேலை முடிந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாயிற்று. சத்தம் இல்லை. பிரேக் போட்டால் நேராக நிற்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் மறுபடி ஒருமுறை போல்ட்டுகளைச் சோதித்துப் பார்த்தோம்.

குறிப்பு எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்காகச் சுருக்கமாக:

1. சத்தம் எங்கிருந்து என்று உறுதி செய்யாமல் சாமான் வாங்காதீர்கள்.
2. வண்டியின் மாடல், வருடம், பார்ட் நம்பர், இடது வலது, நான்கும் ஒத்துப்போக வேண்டும்.
3. முடிந்தால் பழைய ஆர்மைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெல்டிங், புஷ் பிளவின் திசை, பால் ஜாயிண்டின் சீரான இறுக்கம், ரப்பர் மூடி, நான்கையும் பாருங்கள்.
4. பெட்டியில் தயாரித்தவர் பெயர், முகவரி, லாட் நம்பர் இருக்கிறதா? கடைக்காரர் பில் தருவாரா?
5. இரண்டு பக்கமும் ஒரே வயது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.
6. கடைசி இறுக்கம் வண்டி தரையில் நிற்கும்போது. பிறகு அலைன்மென்ட்.

உங்களில் பலர் அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறீர்கள். அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கார் இருக்கும். "சத்தம் வருது, பரவாயில்ல, மெதுவாத்தான் ஓட்டுறேன்" என்று அப்பா சொல்வார். மெதுவாக ஓட்டினால் பால் ஜாயிண்ட் குணமாகிவிடாது. அடுத்த முறை லீவுக்கு வரும்போது, பலகாரம் சாப்பிடுவதற்கு முன்னால் வண்டியை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், எந்த வண்டி, என்ன சத்தம் என்று. என் மெக்கானிக் மாணவனும் இதைப் படிப்பான். பதில் எழுத நேரமில்லை என்பான், ஆனால் எழுதுவான்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் பௌதிக சார்